சோடி

எட்மண்டன். தை மாதம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வீட்டில் நாலு பேர், எட்டுக் கால்,
கூடைக்குள் பத்தொன்பது சொக்ஸ்.
அதில் ஒன்றுக்கும் சோடி இல்லை.

"டிரையர் தின்னுது" என்றேன்.
பகிடிக்குத்தான் சொன்னேன்.
குகதாசனிடம் பகிடி விடக் கூடாதென்று
பதினேழு வருடத்தில் நான் படித்திருக்க வேண்டும்.

பகலில் லிஃப்ட் திருத்துகிற மனுசன்.
மேலே போனது கீழே வரத்தான் வேணும்,
உள்ளே போனது வெளியே வரத்தான் வேணும்.
அவருடைய விஞ்ஞானம் அவ்வளவுதான்.
பழைய மைக்ரோவேவின் குடலை உருவினார்,
கராஜ் கதவின் மோட்டாரைக் கழற்றினார்,
என் இடியப்ப அச்சையும் எடுத்துப் போனார்,
அது எதற்கென்று இன்றுவரை தெரியாது.

நாலாம் நாள் சுவிட்சைத் தட்டினார்.
மில்வுட்ஸ் தெரு முழுக்க ஒருதரம் கண் சிமிட்டியது.
பக்கத்து வீட்டு ஒலெக்சியூக் அம்மாவின் கராஜ்
தானாய்த் திறந்து, பூட்டி, மறுபடி திறந்தது.
டிரையருக்குள்
இரண்டு வருடம் முன் தொலைந்த என் நீல சொக்ஸ்,
இப்போதுதான் சுட்ட ரொட்டி மாதிரிச் சூடாக.
அன்றிரவு சோற்றைக் குழைத்த விதத்திலேயே தெரிந்தது,
மனுசன் மனதுக்குள் மேடையேறி மாலை வாங்குகிறார்.

அடுத்த நாள் நாற்பத்தொன்று.
அதற்கடுத்த நாள் எண்ணுவதை விட்டோம்.
நாங்கள் வாங்காதவை வரத் தொடங்கின.
'எட்மண்டன் மகளிர் கபடி' என்று தைத்த ஒன்று
(என் மகள் ஆரபி சோபாவை விட்டே எழும்ப மாட்டாள்).
ஆறு விரல் வைத்துப் பின்னிய ஒன்று.
"அம்மா, இது எங்கட வீட்டு சொக்ஸ் இல்லை.
வேற எட்மண்டனில இருக்கிற எங்கட வீட்டு சொக்ஸ்"
என்றான் துவாரகன். வயது பன்னிரண்டு.

பிறகு ஒரு சாம்பல் நிறத்துக்குள் கடைப் பற்றுச்சீட்டு.
பின்பக்கத்தில் எழுத்து. என்னுடைய எழுத்து.
'ழ'வின் வால்கூட அப்படியே.
"ஆரெண்டு தெரியாது.
எங்கட சொக்ஸ் எல்லாம் காணாமப் போகுது.
நீரோ எடுக்கிறது?
இஞ்சயும் ஒராள் டிரையரைக் கழட்டி வைச்சிருக்கிறார்."

எழுதினேன். அவளும் எழுதினாள்.
ஒரு கிழமை சொக்ஸ்தான் எங்களுக்குத் தபால் உறை.
அவளுடையவர் குறட்டை விடமாட்டாராம்,
கோப்பை கழுவுவாராம்.
என்னுடையவர் அருமையாய்ப் பாடுவார் என்று எழுதினேன்.
அடுத்த சொக்ஸில் ஒரே வரி:
"எனக்கே காதில பூ வைக்கிறீரோ?"

வெள்ளி இரவு பத்து மணிக்கு
இரண்டு வீட்டிலும் ஒன்றாய்ப் பிளக்கைப் பிடுங்குவதாக ஏற்பாடு.
பத்துக்கு ஒரு நிமிடம் இருக்க
"பொறும், இடியப்ப அச்சு உள்ளுக்கு நிக்குது" என்று
தலையை விட்டார், தோளை விட்டார்,
இடுப்புவரை போய்விட்டார்.
"ஆரோ என்ர கையைப் பிடிக்கிறான்!"
நான் ஒரு கால், ஆரபி ஒரு கால்
(சோபாவை விட்டு எழும்பியது அன்றுதான்).
கால் வழுக்கிப் போனது.
எங்கள் கையில் சொக்ஸ் மட்டும் மிஞ்சியது,
ஒன்று பச்சை, ஒன்று மண்ணிறம்.

பிறகு ஒரு கை வெளியே வந்தது.
பிடித்து இழுத்தோம். துவாரகன் பிளக்கைப் பிடுங்கினான்.
தலை முழுக்கப் பஞ்சு, வாய் முழுக்க இருமல்,
கையில் என் இடியப்ப அச்சு.
காலில் சொக்ஸ். கறுப்பு.
இரண்டும் ஒரே சோடி.

அன்றிலிருந்து மனுசன் கோப்பை கழுவுகிறார்.
குறட்டை இல்லை.
பகிடி விட்டால் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.
லிஃப்டில் ஏறத்தான் கொஞ்சம் பயம்.
நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

நேற்று, பிளக் இல்லாமலே,
டிரையர் ஒருதரம் உறுமியது.
உள்ளே ஒரு துண்டு:
"மனுசன் விடிய விடியக் குறட்டை.
பாட்டு அதைவிட மோசம்.
திருப்பி எடும்."

பதில் எழுதத்தான் இருக்கிறேன்.
என்னவோ, இந்த வீட்டில்
ஒரு பேனையும் எழுதுகிறதில்லை.